போன மாதத்துச் சராசரி

கட்டபெட்டு மாரிச்சாமியின் தராசைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதுமலை யானையைக் கொண்டுவந்து அதில் நிறுத்தினாலும் ஈரத்துக்கு, சாக்குக்கு, காம்புக்கு, முற்றலுக்கு என்று கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு கன்றுக்குட்டிக்குத்தான் காசு கொடுப்பார் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். கன்றுக்குட்டிக்கும் அவர் காசை உடனே கொடுத்துவிட மாட்டார்.

முப்பது வருடமாக அவர் இலை ஏஜெண்ட். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் பறித்துப் போடும் பச்சைத் தேயிலையைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரியில் போடுவது தொழில். அந்த ஃபேக்டரியின் வழக்கம் என்னவென்றால், போன மாதம் ஏலத்தில் தூள் விற்ற விலையைக் கூட்டி வகுத்துச் சராசரி போட்டு, அதை வைத்து இந்த மாத இலைக்குப் பணம் கொடுப்பார்கள். இன்றைக்கு ஏலம் ஆகாயத்துக்கு ஏறினாலும் பாதாளத்துக்கு இறங்கினாலும் இன்றைய இலைக்குப் போன மாதத்துச் சராசரிதான்.

இந்த ஏற்பாட்டில் மாரிச்சாமி கண்டுபிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஏலத்தில் விலை ஏறினால், “சராசரி சராசரிதானுங்க, நானென்ன பண்ணட்டும்?” என்று கையை விரிப்பார். விலை இறங்கினாலோ, முகத்தைச் சாவு வீட்டு முகமாக்கிக்கொண்டு வந்து நிற்பார். “இன்னிக்கு ஏலம் சுத்தமாப் படுத்துருச்சுங்க. ஃபேக்டரிக்காரன் இலையே வேண்டாங்கறான். கால்ல உழுந்து கிலோவுக்கு ரெண்டு ரூவா கம்மியாப் பேசிட்டு வந்திருக்கறேன்” என்பார். ஃபேக்டரி அவருக்குக் கொடுப்பது என்னவோ முழுச் சராசரி. நடுவில் அந்த இரண்டு ரூபாய் எந்த வளைவில் இறங்கிக்கொண்டது என்று கேட்க அந்த மலைச்சரிவில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அப்படி இறங்கிய இரண்டு ரூபாய்களெல்லாம் ஒன்றுகூடி மூன்று மாடி வீடாக எழுந்து நின்றன. மேகமே அந்த வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் கோத்தகிரிக்குப் போகும். வீட்டுக்குக் குறை என்று ஒன்றே ஒன்றுதான். வழி கிடையாது.

தார் ரோட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே பதினெட்டு சென்ட் நிலம் தெய்வம்மாவுடையது. பிக்கப் வண்டி அதன் ஓரத்தில்தான் ஏறி இறங்கியது. தெய்வம்மாவின் புருஷன் உயிரோடு இருந்தபோது, “போய்க்குங்க, வழிதானே” என்று வாயால் சொன்னதுதான் பத்திரம், பட்டா எல்லாம். காசு கொடுத்து எழுதி வாங்க அப்போது மாரிச்சாமிக்கு மனம் வரவில்லை. சும்மா கிடைப்பதற்கு யாராவது விலை கேட்பார்களா?

தெய்வம்மா சின்ன வயதில் பெற்றவர்களோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். இலையை இன்றைக்கும் கொழுந்து என்றுதான் சொல்வாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் மனிஷாவோடு போய்விடுவது என்று தீர்மானித்திருந்தாள். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, தராசில் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணே, எடத்தக் குடுத்துட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பெங்களூர்க்காரர் ஒருத்தர் காட்டேஜ் கட்டணும்னு பதினெட்டு லட்சத்துக்குக் கேக்குறாரு. ஒங்களுக்கு வழி வேணுமேன்னு மொதல்ல ஒங்ககிட்ட சொல்றேன்.”

“பதினெட்டா! ஏம்மா, அங்கென்ன தங்கமா வெளையுது?”

“தங்கம் வெளையல அண்ணே. ஒங்க வண்டி போகுது.”

மாரிச்சாமி வாயடைத்துப் போனது அவருடைய அறுபத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. ஒப்பந்தம் எழுதினார்கள். முன்பணம் இரண்டு லட்சம். மீதி பதினாறு லட்சம் நவம்பர் முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள். தவறினால் முன்பணம் போகும், நிலமும் பெங்களூர்க்காரருக்குப் போகும். அவர் வந்தால் முதல் வேலையாகச் சுற்றுச்சுவர் எழுப்புவார் என்று தெய்வம்மாவே சொல்லியிருந்தாள்.

பதினாறு லட்சத்துக்கு மாரிச்சாமி கலங்கவில்லை. அவரிடம் ஒரு புதையல் இருந்தது. குறிஞ்சிமேடு டீ கம்பெனி என்று ஒன்று. வெகு காலத்துக்கு முன்னால், ஒரு மோசமான வருடத்தில், இலை ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கொடுக்க வழியில்லாமல் அந்தக் கம்பெனி ஆளுக்கொரு கட்டு ஷேர் பத்திரத்தைத் தலையில் கட்டியது. மாரிச்சாமி அன்றைக்கு அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே கொண்டுவந்து பெட்டியில் போட்டார். போன வருடம்தான் மைத்துனன் தினகரன் அதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தான். மொத்தம் நாலாயிரம் ஷேர்.

தினகரன் மாரிச்சாமியின் மனைவி மகாலட்சுமியின் தம்பி. ஐம்பதைத் தொட்டவன். கட்டபெட்டு பஸ் ஸ்டாப் எதிரில் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், பட்டா நகல், ரயில் டிக்கெட் எல்லாம் செய்வான். ஷேரில் கொஞ்சம் விளையாடிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் அந்த விஷயத்தில் நிதானம் உண்டு. ஒப்பந்தம் எழுதிய மறுநாள் மாரிச்சாமி கடைக்குப் போனார். தினகரன் குறிஞ்சிமேடு கம்பெனியின் பழைய விலைகள் அடங்கிய பக்கத்தைத் திறந்து காட்டினான்.

“இதென்றா மாப்ள, பஞ்சாங்கமாட்டம் கட்டம் கட்டமா இருக்குது?”

“பழைய வெலைங்க மச்சா. ஒவ்வொரு நாளும் எவ்வளவுல ஆரம்பிச்சுது, உச்சம் எது, மட்டம் எது, முடியறப்ப எவ்வளவு, எத்தன ஷேர் கை மாறுச்சு, எல்லாம் இருக்குது. வேணும்னா மாசவாரியாவும் பாக்கலாம்.”

“இந்தக் கடைசிக் கட்டம்?”

“அது சராசரிங்க.”

வெளிநாட்டுச் சந்தையில் சொந்த ஊர்க்காரனைச் சந்தித்தவர் மாதிரி மாரிச்சாமியின் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்டோபர் மாதச் சராசரி நானூற்றுப் பன்னிரண்டு. கம்பெனி தன் மலையில் ஒரு பக்கத்தைப் பெரிய ஹோட்டலுக்குக் கொடுக்கப்போகிறது என்ற பேச்சில் விலை அப்படி ஏறியிருந்தது. நாலாயிரத்தால் பெருக்கினால் பதினாறரை லட்சம். மாரிச்சாமிக்கு ஷேர் மார்க்கெட் முழுக்க அந்த நிமிஷத்திலேயே விளங்கிவிட்டது. உலகத்தில் எந்தச் சரக்கானால் என்ன, போன மாதத்துச் சராசரிதானே இந்த மாதத்துப் பணம்? இல்லையென்றால் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு எழுதி வைக்கிறான்?

“மச்சா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க” என்றான் தினகரன். “இது நடந்து முடிஞ்ச கதை. இதை வெச்சு அந்த ஷேரோட குணத்தத் தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான். இங்க பாருங்க, ஒரு நாளைக்கு முன்னூறு நானூறு ஷேருக்கு மேல கை மாறுறதே இல்லை. நாலாயிரத்தையும் ஒரே நாள்ல கொண்டுபோய்க் கொட்டுனா வாங்கறதுக்கு ஆளிருக்காது, வெலை பொத்துனு உழுந்துரும். இன்னிக்கே ஆரம்பிச்சு எரநூறு முன்னூறா வித்துட்டு வரலாமுங்க.”

“எரநூறு முன்னூறாவா? என்னையென்ன கொத்தமல்லிக்கட்டு விக்கறவன்னு நெனச்சியா? நான் ஒரே நாள்ல நாலு டன் இலையக் கொண்டுபோய் நிறுத்துனாலும் ஃபேக்டரிக்காரன் வாங்கிப் போட்டுக்கறானா இல்லையா?”

“அது ஃபேக்டரிங்க.”

“இது ஃபேக்டரிக்கெல்லாம் மொதலாளி. நீ கம்முனு இரு.”

நாள் பார்த்தார். இருபத்தாறாம் தேதி வளர்பிறை முகூர்த்தம். இந்த மாதத்தில் எந்த நாளில் விற்றாலும் ஒரே விலைதான் எனும்போது நல்ல நாளிலேயே விற்றுவிடலாமே என்பது அவர் யோசனை. வீட்டுக்குப் போகிற வழியில் பதினெட்டு சென்ட் நிலத்தையும் நின்று பார்த்தார். கேட்டை எங்கே வைப்பது, கேட்டின் மேல் சிங்கம் வைப்பதா யானை வைப்பதா என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு இருந்த கவலை.

பத்து நாள் போனது. ஹோட்டல் பேச்சு வெறும் பேச்சுதான் என்று கம்பெனியே அறிவித்தது. மழையில் மண் சரிகிற மாதிரி குறிஞ்சிமேடு ஷேர் சரிய ஆரம்பித்தது. முன்னூற்றறுபது, முன்னூற்றுப் பத்து, இருநூற்றெழுபது. தினகரன் கடையைச் சாத்திவிட்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தான். மாரிச்சாமி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் டீ போடுவதில்லை. டீத்தூளில் என்னென்ன கலக்கிறது என்று தெரிந்த வீடு.

“மச்சா, இன்னிக்கு எரநூத்தி எழுபதுங்க. இப்பவும் பதமா வித்தா பத்து லட்சத்துக்கு மேல தேறும். மிச்சத்துக்கு எங்கியாச்சும் பெரட்டிக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டா அதுவும் போயிரும்.”

மாரிச்சாமி சிரித்தார். சிரித்த சிரிப்பில் கீழே தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மாப்ள, ‘இன்னிக்கு வெலை படுத்துருச்சு’ங்கறது யாரு பாட்டுடா? நான் கட்டுன பாட்டு. முப்பது வருஷமா ஊருக்கே பாடிக் காமிச்சிருக்கறேன். எனக்கே பாடறியா?”

“பாட்டில்லீங்க மச்சா. ஷேருக்கு இன்னிக்கு என்ன வெலையோ அதுதான் குடுப்பாங்க. போன மாசக் கணக்கெல்லாம் அங்க செல்லாதுங்க.”

“செல்லாததையா தேதி போட்டு, கட்டம் கட்டி, உலகம் பாக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கறான்? விக்கறவனைப் பயமுறுத்தறதுக்கு எப்பவும் இன்னிக்கு வெலையத்தான் சொல்லுவாங்க. விக்கறவன் பயந்துட்டா முடிஞ்சுது கதை. நான் பயப்படுவனா?”

மகாலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அவன் அந்தப் பொட்டியோடயே பொழங்கறவன். அவன் சொல்றதைச் சித்த காதுல வாங்குனா என்னங்க?”

“ஒந்தம்பிக்கு இதுல எவ்வளவு நிக்குதுன்னு கேளு மொதல்ல.”

தினகரனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஷேரை நானூற்றுப் பன்னிரண்டுக்கு விற்றுவிட்டு, இருநூற்றெழுபது என்று சொல்லி, நடுவில் உள்ளதைத் தான் அமுக்கிக்கொள்வதாக மச்சான் நினைக்கிறார். தினகரனின் இடத்தில் மாரிச்சாமி இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அதனால் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. மைத்துனன் மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை, கொஞ்சம் மதிப்புத்தான் கூடியிருந்தது.

தினகரன் காபியைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தான். “இருவத்தாறாந்தேதி வாங்க மச்சா. நீங்க சொல்ற நேரத்துக்கு நான் அமுத்தறேன். அதுக்கு மேல எம்மேல பழி வேண்டாமுங்க.”

இருபத்தாறாம் தேதி கட்டபெட்டில் எதிரே நிற்கும் ஆளின் மூக்கு தெரியாத அளவுக்கு மூடுபனி. மாரிச்சாமி பட்டுக்கரை வேட்டியில் வந்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார். கீபோர்டின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப் போனவரைத் தினகரன்தான் தடுத்தான். வாசலில் தேங்காய் உடைத்தார். பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் யாரோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்தார்கள்.

“எவ்வளவுக்குன்னு போடறதுங்க மச்சா? வெலை குறிச்சுப் போட்டா அதுக்குக் கீழ போகாது.”

“என்ன வெலையோ அதுக்குப் போடு. நமக்குத் தெரியாத வெலையா?”

“நாலாயிரமுமா?”

“நாலாயிரமும்.”

தினகரன் அமுக்கினான். திரையில் எண்கள் படியிறங்கின. இருநூற்றைம்பதில் கொஞ்சம் பேர் வாங்கினார்கள். இருநூற்று நாற்பத்திரண்டில் இன்னும் கொஞ்சம். அப்புறம் வாங்க ஆளில்லாமல் விலை வழுக்கிக்கொண்டே போய், யாரோ ஒருவர் வேண்டாவெறுப்பாகக் கேட்டு வைத்திருந்த இருநூற்றிருபத்தாறில் போய் நின்றது. தினகரன் கண்ணை மூடிக்கொண்டான். மாரிச்சாமி திரையைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்று, வருவோர் போவோருக்கெல்லாம் ஊட்டி வர்க்கி கொடுத்துக்கொண்டிருந்தார். நீலகிரி மாவட்டத்திலேயே அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமான மனிதர் இருந்திருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துப் பணம் பேங்குக்கு வந்தது. தராசடியில் நின்றுகொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம். மாரிச்சாமி அதை முதல் தவணை என்று நினைத்தார். மத்தியானம் வரை இரண்டாம் தவணைக்குக் காத்திருந்தார். பிறகு கடைக்குப் போனார்.

“மாப்ள, மீதி எப்ப வரும்?”

“மீதி இல்லீங்க மச்சா.”

“சராசரி?”

எந்த விலைக்கு எத்தனை போனது என்று வரிவரியாக அச்சடித்திருந்த தாளைத் தினகரன் எடுத்து நீட்டினான். மாரிச்சாமி அதில் நானூற்றுப் பன்னிரண்டைத் தேடினார். திருப்பிப் பின்பக்கத்திலும் தேடினார். கடையில் ஆதார் திருத்த வந்திருந்த கிழவி ஒருத்தி, தண்ணி வேணுங்களா என்று கேட்டாள்.

இன்னும் இரண்டு நாள். ஃபேக்டரி மேனேஜர் வசந்தகுமாரிடம் முன்பணம் கேட்டார். “இந்த மாசச் சராசரி இன்னும் வரலீங்களே” என்று அவர் கையை விரித்தார். கை விரித்த விதம் மாரிச்சாமிக்கு நன்றாகப் பழக்கப்பட்டதாக இருந்தது. வீட்டுக்கு வந்து மகாலட்சுமியின் கழுத்தைப் பார்த்தார்.

“என்ற தம்பியத் திருடன்னு சொன்ன வாயால கேக்காதீங்க” என்றாள் அவள். “இதுக்கு இன்னிக்கு வெலை. உங்க சராசரிக்கெல்லாம் குடுக்க முடியாதுங்க.”

முப்பதாம் தேதி மத்தியானம் மாரிச்சாமி தெய்வம்மாவின் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே மூட்டை முடிச்சுகள் கட்டிக் கிடந்தன. ஒரு கையில் பணப்பை. இன்னொரு கையில் ஒரு கட்டுத் தாள்.

“என்னா அண்ணே இது?”

“அஞ்சு வருஷமா இந்தச் சரிவுல எடம் போன வெலைங்க அம்மணி. ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்திருக்கறேன். கூட்டி வகுத்துப் பாத்தா உங்க பதினெட்டு சென்ட்டுக்குப் பதினொன்னரை வருதுங்க. நியாயமான வெலை. முன்பணம் ரெண்டு போக ஒம்பதரை. கையோட கொண்டாந்துட்டேன்.”

ஐந்து வருட விலைகளைக் கூட்டி வகுத்த கணக்கு எப்படியோ அவர் பையில் இருந்த தொகைக்கே வந்து நின்றிருந்தது. முப்பது வருடக் கைப்பழக்கம்.

தெய்வம்மா தாள்களை வாங்கிப் புரட்டினாள். வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து மாரிச்சாமி அதுவரை பார்த்ததில்லை.

“இதெல்லாம் வித்துட்டுப் போனவங்க வெலை அண்ணே. அவங்க வாங்கித் தின்னு செமிச்சும் போச்சு. நான் இன்னைக்கு விக்கிறேன்.”

“முப்பது வருஷப் பழக்கமுங்க அம்மணி. ஒரு மாசம் தவணை குடுங்க. ஊட்டுக்குப் போற வழிங்க அது.”

“பழக்கந்தான். நான் ஒங்க தராசுல கொழுந்து போட ஆரம்பிச்சப்ப மனிஷா தொட்டில்ல கெடந்தா. ‘இன்னிக்கு ஏலம் படுத்துருச்சு’ன்னு நீங்க வந்து நின்ன நாளெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணே. எல்லாருக்கும் தெரியும். வேற ஆளுகிட்ட விசாரிக்க மாட்டோம். விசாரிச்சா நெசமாவே தெரிஞ்சிரும். தெரிஞ்சா சண்டை போடணும். சண்டை போட்டுட்டுக் கொழுந்த எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?”

மாரிச்சாமி தாள்களைத் திரும்ப வாங்கிச் சுருட்டினார்.

“முன்பணமாச்சும் திருப்பிக் குடுங்க.”

“அது எங்க ரெண்டு ரூவாதானே அண்ணே” என்றாள் தெய்வம்மா, குரலை உயர்த்தாமல். “சுத்திச் சுத்தி வீட்டுக்கு வந்திருச்சு. இருக்கட்டும்.”

சாயங்காலம் பெங்களூர்க்காரரின் கார் வந்தது. தெய்வம்மா அதே வாரத்தில் பஸ் ஏறினாள். போகும்போது திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டால், முழங்கால் வலியில் படியேறவே அவளுக்குச் சரியாக இருந்தது.

மாரிச்சாமி அப்போதும் ஒரு தந்திரம் செய்தார். வக்கீலிடம் கேட்டதில், “வழக்குப் போடலாம், உங்க பேரனோட பேரன் வண்டியில போவான்” என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் பிக்கப் வண்டியைத் தன் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி வைத்தார். வண்டி உள்ளே இருக்கும்போது எவனாவது சுவர் எழுப்புவானா? மனிதன் என்றால் ஈரம் இருக்காதா? பெங்களூர்க்காரரின் மேஸ்திரி மிகவும் மரியாதையான ஆள். “வண்டிய எடுத்துக்கறீங்களா சார்?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாரிச்சாமி முடியாது என்றார். நாலாவது தடவை கேட்காமல் அவர் கல்லை அடுக்க ஆரம்பித்தார். சுவர் எழும்பியது. எழும்பியதென்றால் சாதாரணமாக இல்லை, கோத்தகிரியில் அடிக்கும் வெயில் மாரிச்சாமி வீட்டுக்கு வந்துசேர ஒரு மணி நேரம் பிந்தியது. பிக்கப் வண்டி உள்ளே நின்றது. உலகம் வெளியே நின்றது.

வண்டி இல்லாத ஏஜெண்டை யார் மதிப்பார்கள்? மாரிச்சாமியிடம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த எல்லப்பன் பழைய வேன் ஒன்றை வாங்கிப்போட்டு, பத்தே நாளில் எல்லாத் தோட்டக்காரர்களையும் வளைத்துக்கொண்டான். மாரிச்சாமிக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் தேயிலை உண்டு. அந்த இலையை அவரே சாக்கில் கட்டித் தலையில் வைத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நடக்கும் தடத்தில் சறுக்கிச் சறுக்கி இறங்கி ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லப்பன் தராசில் வைத்தான். ஈரத்துக்குக் கழித்தான். சாக்குக்குக் கழித்தான்.

“என்ன வெலைடா குடுக்கற?”

“போன மாசச் சராசரிதானுங்க மொதலாளி. ஆனா பாருங்க...” என்று எல்லப்பன் முகத்தைச் சாவு வீட்டு முகமாக்கிக்கொண்டான்.

அந்த முகத்தைத் தயாரித்ததே மாரிச்சாமிதான். அவர் காசுக்குக் கையை நீட்டினார். வேறு யாரிடமும் போய் விசாரிக்கவும் இல்லை.

ஜனவரி கடைசியில், உறைபனி விழுந்து செடிகளெல்லாம் கருகிக் கிடந்த ஒரு நாள், ஜெராக்ஸ் கடைக்குப் போனார். குறிஞ்சிமேடு கம்பெனிக்கு வேறொரு ஹோட்டல்காரர் கிடைத்துவிட்டார் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஷேர் மறுபடி நானூறைத் தாண்டியிருந்தது.

“அந்தப் பக்கத்தைக் காமி மாப்ள.”

“எதுக்குங்க மச்சா, போனது போயிருச்சு.”

“காமிடா.”

தினகரன் ஒரு வருடத்து விலைகளைத் திறந்தான். மாரிச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சராசரிக் கட்டத்தைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றக் கட்டங்களைப் படித்தார்.

“இந்த ஒரு வருஷத்துல இருக்கறதுலயே மட்டமான வெலை எதுடா?”

“எரநூத்தி இருவத்தாறுங்க.”

“என்னிக்கு?”

“நவம்பர் இருவத்தாறுங்க.”

அதே வரியில் அன்றைக்குக் கை மாறிய ஷேர் எண்ணிக்கையும் இருந்தது. வழக்கமான முன்னூறு நானூறுக்கு நடுவே நாலாயிரத்துச் சொச்சம், புல்வெளியில் யானை நிற்கிற மாதிரி நின்றது. இனி எந்த ஊரில் எவன் அந்தக் கம்பெனியின் பழைய விலைகளைத் திறந்து பார்த்தாலும், எந்த முட்டாள் இந்த விலைக்கு விற்றான் என்று ஒரு நிமிஷமாவது யோசிப்பான். அந்தக் கட்டத்தில் பேர் எழுதும் வழக்கம் இல்லை என்பது ஒன்றுதான் மாரிச்சாமிக்குக் கிடைத்த மரியாதை.

“இதை அச்சடிச்சுக் குடுக்கட்டுங்களா?” என்றான் தினகரன். குத்திக்காட்டத்தான் கேட்டான். கேட்டபிறகு அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

“வேண்டாம்” என்றார் மாரிச்சாமி. “மறந்தாத்தானே தாள் வேணும்.”

தினகரனிடம் இரவலாகக் கேட்டு வாங்கிய கேன் ஒன்று அவர் கையில் இருந்தது. பக்கத்துப் பெட்ரோல் பங்கில் டீசல் பிடித்துக்கொண்டார். கேனைத் தோளில் தூக்கி, கருகின செடிகளுக்கு நடுவே ஒருக்களித்து ஏறினார். வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். மகாலட்சுமி வாசலில் நின்று, கேனை ஒரு கைபிடித்து இறக்கினாள்.

வண்டியை ஓட்டாமல் போட்டால் பேட்டரி செத்துவிடும். அதனால் விடிந்ததும் மாரிச்சாமி குல்லாய் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்காருவார். சாவியைத் திருகுவார். புகை கிளம்பும். நாலடி முன்னே போவார். சுவர் வரும். கண்ணாடியில் பார்த்து, யாரும் இல்லாத முற்றத்துக்கு ஒரு ஹாரன் அடித்து, நாலடி பின்னே வருவார். சுவருக்கு அந்தப் பக்கம் காட்டேஜில் தங்க வந்தவர்கள், அங்கே என்ன வண்டி தினமும் கிளம்பிக் கிளம்பிப் போகாமலே இருக்கிறது என்று சமையல்காரரைக் கேட்பார்களாம்.